கதவு திறக்கும் பாட்டு

அந்தக் கேசட்டின் ஒரு பக்கத்தில் சிவப்பு மையால் ஏ என்றும் மறுபக்கத்தில் பி என்றும் எழுதியிருந்தது. எழுதியவர் பெங்களூரில் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தவர். மேலுறையும் படமும் இல்லை, பாட்டுகளின் பெயரும் இல்லை. குழுவின் பெயரை மட்டும் கன்னட எழுத்தில் எழுதியிருந்தார். அதை ஒரு சுமை தூக்குபவர் படித்துச் சொன்ன பிறகுதான் பாடுகிறவர்கள் ஆங்கிலேயர்கள் என்று என் மாமாவுக்குத் தெரிந்தது. மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. பாலக்கோடு தக்காளிச் சந்தையில் இன்று சொந்தமாக மண்டி வைத்திருக்கிறார். அந்த நாளில் அவருடைய அப்பா நடத்திய மண்டியிலிருந்து பெங்களூருக்கு லோடு ஏற்றிப்போகும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

கேசட்டில் இருந்தது ஹெவி மெட்டல். பெயரைச் சொன்னதும் எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் முகம் சுளிப்பார்கள். கத்தல், இரைச்சல், நீள முடி, கறுப்புச் சட்டை. நான் ஐம்பதைத் தாண்டிய பத்திரிகைக்காரன். இன்னமும் அலுவலகத்தில் இயர்போனைக் காதுக்குள் மாட்டிக்கொண்டுதான் இதைக் கேட்கிறேன், யாராவது மேசைக்கு அருகில் வந்தால் நிறுத்திவிடுகிறேன். அந்த வெட்கம் பழகிப்போனது, சின்னது. இங்கே எழுத வந்தது வேறு வெட்கம். ஆல்பத்தின் பெயரை இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே போனில் தேடிச் சரியான வரிசையில் கேட்டுவிடுவீர்கள். நாங்கள் கேட்ட விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தனித்தனிப் பாட்டுகளின் தொகுப்பல்ல அது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே கதை. மண்டியில் யாராவது "என்னா எளவுப் பாட்டுங்க இது?" என்று கேட்டால் மாமா பொறுமையாகச் சொல்வார்: "நம்மூர்க் கூத்து மாதிரிதாம்பா. ஒரே கதை. ஒவ்வொரு பாட்டும் ஒரு கட்டம். நடுவுல எந்திரிச்சுப் போனீன்னா ஒண்ணும் வெளங்காது." கதையில் இரண்டே பேர். மதில் சூழ்ந்த ஓர் ஊரின் இரும்புக் கதவைக் காவல் காக்கும் அப்பா, அவருடைய ஒரே மகன். சண்டை, ஓர் அடி, பனியில் ஒரு நடை, கதவு, மணி. இவ்வளவுதான். இது மாமாவை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்பதற்கு, சந்தையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நான் தர்மபுரியில் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. அக்காவுக்குக் கல்யாணமாகி அதிகக் காலம் ஆகியிருக்கவில்லை. மாமா ஏற்றிப்போன ஒரு லோடு எல்லைச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டு, தக்காளி குழைந்து, பெங்களூரில் யாரும் வாங்காமல் திரும்பியது. காலை ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, விவசாயிகளும் வியாபாரிகளும் சுற்றி நிற்க, அவருடைய அப்பா மகனை வாய்க்கு வந்தபடி திட்டினார். பெற்றவளையும் இழுத்துத் திட்டினார். மாமா கையை ஓங்கி அறைந்துவிட்டார். நான் அங்கே இல்லை. ஆனால் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்ன ஒரு விவரம் உண்டு. அவருடைய அப்பா கீழே விழுந்த துண்டை எடுத்தார், உதறினார், தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஏலம் கூறினார். மாமா லாரிச் சாவியைத் தராசின் மேல் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

பெங்களூரில் அவர் வேறொருவருடைய வண்டியை ஓட்டினார், சுமை தூக்குபவர்களோடு ஓர் அறையில் தங்கினார். வீட்டுக்குத் தகவல் இல்லை. அக்கா மாமனார் வீட்டிலேயே இருந்தாள். எங்கள் அம்மா பாப்பாரப்பட்டியிலிருந்து வாரம் தவறாமல் போய், "நம்மூட்டுக்கு வந்துரும்மா, எத்தன நாளைக்கி இப்படி?" என்று கேட்பதும், அக்கா வர மறுப்பதும் வழக்கமாக இருந்தது. பெங்களூரில் மாமா வண்டியை நிறுத்தும் இடத்துக்கு எதிரே இருந்த அந்தப் பாட்டுக் கடையில் ஒரு நாள் இந்த இசை ஓடிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு ஆங்கிலம் வராது. அவரை நிறுத்தியது பாட்டின் நடுவே கேட்ட ஒரு சத்தம். துருப்பிடித்த கீல் இழுபட, ஓர் இரும்புக் கதவு திறக்கும் சத்தம். "எங்கூட்டுக் கேட்டுச் சத்தம்டா மச்சான் அது. அச்சு அசல்," என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். தனக்கும் ஒன்று பதிந்து தரும்படி கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாலக்கோட்டுக்கு பஸ் ஏறினார்.

அவர் வந்த பிறகு, கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்த என்னை உட்காரவைத்து அந்தக் கேசட்டைப் போட்டார். "இங்கிலீசு படிக்கிறியே, என்னா சொல்றான்னு சொல்லு பாக்கலாம்." அந்தப் பாடகரின் குரலில் பாதிச் சொற்கள்தான் எனக்குப் பிடிபட்டன. அப்பா, கதவு, பனி, கை, மணி. மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். மாமா அவருடைய கதையைச் சொன்னார், நான் என் ஆங்கிலத்தைச் சொன்னேன், இரண்டும் சேர்ந்து ஒரு கதையானது. ஒரு பாட்டில் போர் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. மனப்போராட்டத்தைத்தான் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். மாமா ஆமோதித்தார்.

ஏ பக்கம் எந்த முன்னுரையும் இல்லாமல் சண்டையில் தொடங்கும். இரண்டு கிட்டார்கள் ஒரே சுரவரிசையை வாசிக்கும், ஆனால் ஒன்று முந்தும், மற்றது விட்டதைப் பிடிக்க ஓடும். ஒரே குரல் உள்ள இருவர் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசுவதுபோல் இருக்கும். ஒரு கட்டத்தில் எல்லா வாத்தியமும் நின்று டிரம்ஸில் ஓர் அடி விழும். பிறகு கம்பி அதிர்ந்து அடங்குவது மட்டும் கேட்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் மாமா வேறு எங்காவது பார்ப்பார். அடுத்து பனியில் நடக்கும் பாட்டு. பேஸ் கிட்டார் மட்டும் தனியாக, ஈரமான செருப்போடு நடப்பதுபோல் நடக்கும். அதுவரை உச்சத்தில் அலறிக்கொண்டிருந்த பாடகர் இங்கே பேச்சுக் குரலுக்கு இறங்கிவிடுவார். நடுவில் தொலைவில் ஒரு மணியோசை, கேட்டதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிதாக வரும். கடைசியில் இரும்புக் கதவு சாத்தப்படும் சத்தம். பக்கம் முடிந்துவிடும்.

கேசட்டைத் திருப்பிப் போட்டால் பி பக்கத்தில் முதலில் காலடிச் சத்தம், அடுத்து அதே கதவு, இம்முறை திறக்கிறது. முந்தியும் பிந்தியும் ஓடிக்கொண்டிருந்த இரு கிட்டார்களும் அதே சுரவரிசையை இப்போது மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியுமாகச் சேர்ந்து வாசிக்கும், இரட்டை நாதஸ்வரம் ஒன்றாகப் போவதுபோல. கடைசிப் பாட்டில் ஊரின் மணி முழு ஓசையோடு அடிக்கும். அடித்தவன் பிரிந்தான், வந்தவனுக்குக் கதவு திறந்தது. அந்தக் கதைக்காக நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கேசட்டை நாடா வழவழத்துப் போகும்வரை கேட்டோம்.

காலம் மாறியபோது தவறு திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை, ஏனென்றால் நான் திருந்த விடவில்லை. முதன்முதலில் கணினியில் இந்த ஆல்பம் கிடைத்தபோது பாட்டுகள் வேறு வரிசையில் இருந்தன. எவனோ கவனமில்லாதவன் வரிசையைக் கலைத்து ஏற்றியிருக்கிறான் என்று சலித்துக்கொண்டே, உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் எண்ணை மாற்றிச் சரிசெய்தேன். பிழைதிருத்துவது என் தொழில். ஓசூரில் வேலை பார்க்கும் மாமாவின் மகன் காருக்காகப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தபோது மாமாவும் அவனிடம், "மாமங்கிட்ட கேட்டு சரியான வரிசையில போடு" என்று சொல்லியிருக்கிறார். அவனும் என்னிடம் கேட்டான். நானும் சொன்னேன்.

சென்ற ஆண்டு எங்கள் பத்திரிகையின் வார இணைப்பில் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் நின்றுபோய்ப் பக்கம் காலியானது. பொறுப்பாசிரியர் என்னிடம், "உங்களுக்குப் பிடிச்ச இசை பத்தி எதாச்சும் எழுதுங்களேன்" என்றார். இத்தனை வருட மறைவிலிருந்து வெளியே வந்து அந்த ஆல்பத்தைப் பற்றி எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று நினைத்தேன். காரணம் எதுவும் சொல்லாமல் நேரே சண்டையில் தொடங்கும் துணிச்சலைப் பாராட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏ பக்கம் முடிந்து கேசட்டைத் திருப்பும் அந்த இடைவெளியைப் பாராட்டினேன். மகனின் மனமாற்றத்தை இசையில் வைக்காமல் கேட்பவன் கையில், அந்த மௌனத்தில் விட்டிருக்கிறார்களே, அதுதான் மேதைமை என்று ஒரு பத்தி முழுக்க எழுதினேன். முடிவில், பெயர் சொல்லாமல், என் உறவினர் ஒருவரைப் பற்றிச் சில வரிகள். அப்பாவோடு மனஸ்தாபம் கொண்டு ஊரைவிட்டுப் போனவர், இந்த இசையைக் கேட்டுத் திரும்பி வந்தார். அவருடைய அப்பா தானே எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

கட்டுரை வந்த அன்றைக்கே மாமா போன் செய்தார். "மனஸ்தாபம்னு எழுதிட்டியே மச்சான். அடிச்சேன்னே எழுதியிருக்கலாம்ல? ஊருக்கே தெரியும்." குரலில் குறை இல்லை, சிரிப்புதான் இருந்தது. மண்டியில் தராசுக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி, அதைச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்.

மூன்று நான்கு நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். காரிமங்கலத்தில் இருந்து பேசுவதாகவும் கல்லூரியில் படிப்பதாகவும் சொன்னாள். "ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க சார். எங்க ஊர்ல இந்த ஆல்பத்தக் கேக்கறது நானும் எங்க அண்ணனும் மட்டுந்தான்னு நெனச்சிட்டிருந்தோம். ஒரே ஒரு சின்ன விஷயங்க சார்... நீங்க பி சைடுலருந்து ஆரம்பிச்சிருக்கீங்க."

"நீங்க போன்ல கேட்டிருப்பீங்கம்மா," என்றேன். "போன்ல வரிசை மாறியிருக்கும்."

"இல்லீங்க சார். எங்க அண்ணன் ஒரிஜினல் ரெக்கார்டே வாங்கி வெச்சிருக்காருங்க. அட்டையில போட்டிருக்கு. பையன் போருக்குப் போயிட்டு வர்றதுதான் மொத பாட்டு. அப்பா கதவு தொறக்கறாரு, ஊரே கொண்டாடுது. அப்பறந்தான் சண்டை. அடிச்சுட்டுப் போனவன் திரும்ப வர்றதே இல்லீங்க. கதவு சாத்தறதோட முடிஞ்சிருது."

மேசையில் கிடந்த கட்டுரைப் பக்கத்தை என் பக்கம் இழுத்தேன். அதற்குள் அவள், "சாரிங்க சார்," என்றாள். எனக்காக அவள் வருத்தம் தெரிவித்ததுதான் அன்றைக்கு நான் பட்ட அடிகளில் பெரியது. போனை வைத்ததும் அட்டையின் படத்தை அனுப்பினாள். தெளிவான படம். சந்தேகத்துக்கு அதில் இடமே இல்லை.

பெங்களூர்க் கடைக்காரர் இசைத்தட்டு எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கத்தை முதலில் பதிந்து ஏ என்று எழுதியிருக்கிறார். நான் மேதைமை என்று எழுதிய மௌனம் அவருடைய கவனக்குறைவு. மாலையில் செய்தி அறையில் விஷயம் பரவிவிட்டது. ஓர் இளைய நிருபர் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்து, "அண்ணே, இனிமே கடசிப் பக்கத்துலருந்தே படிச்சிக்கலாமாண்ணே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பொறுப்பாசிரியர் சிரிக்கவில்லை. "அடுத்த இணைப்புல திருத்தம் போட்டுடலாம். உங்க கையாலேயே எழுதிக் கொடுத்துடுங்க," என்றார். அது எங்கள் அலுவலக வழக்கம். பிழை செய்தவர்தான் திருத்தத்தை எழுத வேண்டும், மெய்ப்பும் அவரே பார்க்க வேண்டும்.

அன்று வீட்டுக்குப் போய் முதல்முறையாக அதைச் சரியான வரிசையில் கேட்டேன். இதைச் சொல்வதில் எனக்கு இரட்டை அவமானம்: நான் புகழ்ந்ததைவிட அது பெரிய படைப்பு. முதலிலேயே இணைந்து வரும் இரு கிட்டார்களின் இனிமை, பிற்பாதியில் ஒன்றை ஒன்று துரத்தும்போது தாங்க முடியாததாகிறது, ஏனென்றால் அவை எப்படிச் சேர்ந்திருந்தன என்பது நமக்குத் தெரியும். பனியில் கேட்கும் மெலிய மணியை வரப்போகும் நல்ல காலத்தின் முன்னறிவிப்பு என்று எழுதியிருந்தேன். அது நினைவு. முன்பு தனக்காக ஊர் அடித்த மணியை அவன் நடக்கும்போது நினைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். போர் என்றால் போர்தான்.

திருத்தம் எழுதுவது எனக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் அது அச்சாகி வந்தால் மாமா அதைச் சந்தையில், சட்டமிட்ட அந்தக் கட்டுரைக்குக் கீழே நின்று படிக்க வேண்டியிருக்கும். அவரைத் திருப்பிக் கூட்டிவந்த கதை, திரும்பி வராதவனின் கதை. அதை அவர் அச்சில் பார்க்கும் முன் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் காலை பாலக்கோட்டுக்குப் போனேன். ஏலம் முடிந்து டிராக்டர்கள் திரும்பிக்கொண்டிருந்தன. மாமா என்னைப் பார்த்ததும், "என்னா மச்சான், பேப்பர் ஆபீசு காலங்காத்தால இங்கியே வந்துருச்சு?" என்றார். பக்கத்தில் இருந்த வியாபாரி, "எழுதுனவரு இவருதானுங்களா? ஏன் சார் எழுதுனீங்க? டீ குடிக்க வர்றவனையெல்லாம் நிக்க வெச்சு உங்க மாமா படிக்கச் சொல்றாருங்க," என்றார். மாமாவுக்கு அதில் பெருமை.

அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "மாமா, கேசட்டுல பக்கம் மாறியிருந்திருக்குங்க."

"யாரு மாத்துனா?"

"பதிஞ்சவங்கதாங்க. நம்ம கேசட்டுல பி-ன்னு போட்டிருக்கற பக்கந்தான் மொதல்ல வரணுமாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மொதல்ல வூட்டுக்கு வர்றான். அப்பறம் அடிக்கறான்."

"ஆமாங்க மாமா."

"அடிச்சுட்டு?"

"போயிடறான்."

"வர்றதில்ல?"

"வர்றதில்லீங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வா, வண்டில போட்டுக் காமி."

காரில் அவர் வீட்டுக்கே போனோம். இரும்புக் கதவுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, இறங்காமல், என் போனில் முதல் பாட்டிலிருந்து போட்டேன். முழுவதையும் கேட்டார். டிரம்ஸில் அந்த அடி விழுந்தபோது இம்முறை அவர் வேறு பக்கம் பார்க்கவில்லை. கடைசியில் கதவு சாத்தும் சத்தம் வந்ததும் என்னைக் கேட்டார்: "மச்சான், அந்தக் கதவச் சாத்துனது உள்ளருந்தா, வெளியிலருந்தா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் கேட்டும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

அதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டாள். "ஏன்டா, வூட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு உள்ள வராம ரெண்டு பேரும் என்னாத்தக் கேக்கறீங்க? வயசுப் பசங்களா நீங்க? தோச ஆறுது."

மாமா கண்ணாடியை முழுவதும் இறக்கினார். "நான் பெங்களூர்லருந்து வந்தன்னிக்கு இந்தக் கேட்டத் தொறந்தது யாருன்னு உன் தம்பிக்குச் சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இப்ப எதுக்குங்க அது?"

"சொல்லு."

"நாந்தான்," என்றாள்.

மாமனார் உள்ளே உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை, மகனிடம் பேசவும் இல்லை. அன்றைக்கு மட்டுமில்லை, சாகும்வரை பேசவில்லை. எங்கள் அம்மாவிடம் அக்காதான் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். "அவரு எந்திரிச்சு வந்து கதவத் தொறந்து கூட்டிட்டுப் போனாருன்னு சொன்னேன்டா. பேசலன்னு சொல்லியிருந்தா அம்மா அன்னிக்கே வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருக்கும்." அம்மா என்னிடம் சொன்னாள். பல வருடம் கழித்து நான் அதைக் கண்ணால் பார்த்தவன்போல் அச்சில் ஏற்றினேன்.

நான் நேரில் பார்த்ததும் ஒன்று உண்டு, அதுதான் இன்னும் மோசம். அந்த வருடங்களில் எத்தனையோ முறை அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். பெரியவர் என் அக்காவிடம், "ஏம்மா, உம் புருசங்கிட்ட சொல்லு, நாளைக்கி மோட்டாருக்கு ஆள் வருது" என்பார். மாமா அங்கேயேதான் இருப்பார், கை எட்டும் தூரத்தில். அவர், "சரின்னு சொல்லு" என்பார். அக்கா எதையும் திருப்பிச் சொல்லவே மாட்டாள், அதற்குத் தேவையும் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்பனும் வளர்ந்த மகனும் நேருக்கு நேர் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அதுபோலத்தான் என்று நினைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். செய்தி சேகரிக்கும் வேலைக்குப் போன பிறகும் அதே காட்சியைப் பார்த்திருக்கிறேன். நீதிமன்றத்தில் ஒரு சாட்சி எந்தக் கேள்விக்குக் கண்ணைத் தாழ்த்தினார் என்பதையெல்லாம் எழுதிப் பெயர் வாங்கியவன், என் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒருவர் ஒருவரோடு பேசாமல் இருப்பதைப் பார்க்கவில்லை.

"நீ எழுதுனத மொதத் தடவ படிச்சப்ப," என்றார் மாமா, "ஒரு நிமிசம் நெஜமாவே அவரு தொறந்த மாதிரி இருந்துச்சு மச்சான். அதுக்குத்தான் மாட்டி வெச்சேன்." பிறகு, "பாட்டுக்குத் திருத்தம் போட்டுக்க. அது நாயம். எங்கப்பாவுக்குப் போட வேண்டாம். பேப்பர்லயாவது தொறந்துட்டுப் போவட்டும்," என்றார். அக்கா உள்ளே போய்விட்டாள். ஆறிய தோசையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அந்த வாரம் திருத்தம் வந்தது. பாட்டுகளின் வரிசை தவறாகக் குறிப்பிடப்பட்டது, அதையொட்டிய விளக்கங்களும் தவறு, வருந்துகிறோம். மெய்ப்பை நானே பார்த்தேன். அதே கட்டுரையில் இன்னொரு தவறு இருப்பது தெரிந்தே அதைப் பார்த்துக் கையெழுத்திட்டேன். மாமா அந்தத் திருத்தத்தையும் வெட்டிக் கட்டுரைக்குக் கீழே ஒட்டியதாகவும், மண்டியில் அவரை எல்லாரும் "திருப்பிப் போட்ட கேசட்டு" என்று கேலி செய்வதாகவும் அக்கா சொன்னாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

போன மாதம் மாமாவே கூப்பிட்டார். சந்தை இரைச்சல் இல்லை, வீட்டிலிருந்து பேசுகிறார் என்று தெரிந்தது.

"மச்சான், மண்டிக்கு வர்றவன்ல ஒருத்தனாவது தெனம் சொல்லிடறான். 'உங்கப்பா மாதிரி ஒரு மனுசனப் பாக்க முடியுமா, அடிச்ச புள்ளைக்குக் கதவத் தொறந்தாரே'ன்னு. நானும் தலையாட்டிட்டே இருக்கறேன். முடியல."

"எடுத்துருங்க மாமா அத," என்றேன்.

"எடுத்துட்டா? அவனுங்க மனசுலருந்து யாரு எடுக்கறது? நல்லா யோசிச்சுப் பாத்தேன். அத்தன பேரு முன்னால அடிச்சேன். அதுக்கப்பறம் எங்கப்பா என்னைய ஒரு வார்த்த திட்டல, சொத்துல கை வெக்கல, வூட்ட விட்டு தொரத்தல. பேசாம இருந்தாரு. அது ஒண்ணுதான் அவரு எனக்குக் குடுத்த தண்டன. அத நாம பேப்பர்ல அழிச்சுட்டோம். தொறக்காம இருக்க அவருக்கு நாயம் இருந்துச்சுடா. அத எதுக்கு நாம புடுங்கணும்? எழுதிரு."

"அக்கா என்னாங்க சொல்லுது?"

"பக்கத்துலதான் நிக்கறா. கேளு."

அக்கா போனை வாங்கினாள். "எழுதறதுன்னா ஒழுங்கா எழுது. இதயும் பின்னாலருந்து ஆரம்பிச்சுக் கெடுத்துடாத." நான் சிரிக்க முயன்றேன். அவள் சிரிக்கவில்லை. "அன்னிக்கு அவரு என்னா சொன்னாருன்னு யாருக்குமே நான் சொன்னதில்லடா. இந்த மனுசன் காதுலயும் அது விழுந்துச்சோ இல்லியோ, நானும் கேட்டதில்ல. அதயும் சேத்து எழுது," என்றாள். சொன்னாள். பக்கத்தில் நின்ற மாமாவும் அதைக் கேட்டிருப்பார்.

இப்போதெல்லாம் மாமா காரில் ஆல்பத்தைச் சரியான வரிசையில்தான் கேட்கிறார் என்று அவருடைய மகன் சொன்னான். நானும் அப்படித்தான் கேட்கிறேன். கதவைச் சாத்தியது உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை. அட்டையிலும் அதற்கு விடை இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுத முடியும். ஆகவே, ஓராண்டு தாமதமாக, விட்டுப்போன திருத்தம்:

மனஸ்தாபம் என்று எழுதியது தவறு. பாலக்கோடு சந்தையில், ஏலம் நடக்கும்போது, மாமா தன் அப்பாவை அறைந்தார். அவர் திரும்பி வந்த அன்று கதவைத் திறந்தவர் என் அக்கா. அப்பா திறக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மகன் உள்ளே வந்ததைப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, என் அக்காவிடம், "ஏம்மா, உம் புருசனுக்குச் சோத்தப் போடு" என்றார்.